டெஸ்லா பிரேக் டெஸ்ட் சர்ச்சை: 2018-ல் ஃபேக்டரியில் என்ன நடந்தது? செய்தி உண்மையா, மறுப்பு உண்மையா?

ஒரே வாரத்தில் 5,000 'மாடல் 3' கார்கள். 2018 ஜூன் மாதக் கடைசிக்குள் இதை முடித்தே தீருவோம் என்று சொல்லியிருந்தது டெஸ்லா. ஜூலை 1-ம் தேதி அதிகாலையில் அந்த இலக்கை எட்டியது. கொண்டாட்டம் அடங்குவதற்குள், ஜூலை 3-ம் தேதி 'பிசினஸ் இன்சைடர்' இணையதளத்தில் ஒரு செய்தி வந்தது. இலக்கை எட்டுவதற்காக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வாரத்தில், ஃபேக்டரியில் ஒரு முக்கியமான பிரேக் டெஸ்ட்டை நிறுத்தச் சொன்னார் எலான் மஸ்க் என்பதுதான் அந்தச் செய்தி.

"பிரேக்கையே செக் பண்ணாம காரை வெளிய அனுப்புறாங்களா?" என்று ஒரு பக்கம் அதிர்ச்சி. "டெஸ்லாவைக் கவிழ்க்க மீடியா கிளப்பிவிட்ட கதை" என்று இன்னொரு பக்கம் கோபம். இரண்டு தரப்பும் சொன்னதில் எது சரி? அந்த டெஸ்ட் என்ன செய்யும்? ஒரு ஃபேக்டரி டெஸ்ட் பற்றிய செய்தியை நாம் எப்படிப் படிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

டெஸ்லாவுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

மாடல் 3 என்பது டெஸ்லாவின் முதல் 'நடுத்தர விலை' கார். 2017 ஜூலை 28-ம் தேதி முதல் 30 கார்கள் டெலிவரி செய்யப்பட்டன. அன்றைக்கே, அடுத்த ஆறு மாதமாவது 'உற்பத்தி நரகம்'தான் என்று மஸ்க் எச்சரித்தார். சொன்னபடியே ஆனது. வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கு முதலில் 2017 டிசம்பர் என்றார்கள். பிறகு 2018 மார்ச். கடைசியாக ஜூன்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஃபேக்டரியில் ரோபோக்களை அளவுக்கு மேல் நம்பியது தப்பு என்று ஏப்ரலில் மஸ்க் வெளிப்படையாகச் சொன்னார். ஃபேக்டரியிலேயே தூங்குகிறேன் என்றார். ஜூனில், கட்டடத்துக்கு வெளியே பெரிய கூடாரம் ஒன்றைச் சில வாரங்களில் எழுப்பி, அதற்குள் புதிதாக ஒரு அசெம்பிளி லைனே போட்டார்கள்.

பணமும் கையைக் கடித்தது. 2018-ன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் நஷ்டம் சுமார் 71 கோடி டாலர். இன்னொரு பக்கம், முன்பணம் கட்டிவிட்டுக் காருக்காகக் காத்திருந்தவர்கள் சுமார் 4,20,000 பேர். கார் வெளியே போனால்தான் பணம் உள்ளே வரும் என்ற நிலை.

ஜூன் கடைசி வாரத்தில் 5,031 மாடல் 3 கார்கள் தயாராயின. டெஸ்ட் நிறுத்தப்பட்டதாகச் செய்தியில் சொல்லப்பட்ட தேதி ஜூன் 26. அதாவது, அதே வாரம். இந்தத் தேதிப் பொருத்தம் இல்லாமல் போயிருந்தால், இது இவ்வளவு பெரிய செய்தியாகியிருக்காது.

அது என்ன 'பிரேக் அண்ட் ரோல்' டெஸ்ட்?

கார் ஃபேக்டரியில் லைனின் கடைசியில் சில சோதனைகள் நடக்கும். வீல் அலைன்மென்ட் பார்ப்பார்கள். ஹெட்லைட் சரியான கோணத்தில் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். மழை மாதிரி தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே கசிகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வரிசையில் ஒன்றுதான் ரோலர் டெஸ்ட்.

காரை உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே இருக்கும். அப்படியே பிரேக் போடுவார்கள். நான்கு சக்கரங்களிலும் தனித்தனியாக எவ்வளவு பிரேக் விசை வருகிறது, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, ஏபிஎஸ்ஸும் வேக சென்சார்களும் வேலை செய்கின்றனவா என்பதை மெஷின் எண்களாகச் சொல்லிவிடும்.

இந்த எண்களை ஒவ்வொரு காருக்கும் தனியாகப் பதிந்து வைக்க முடியும். நாளைக்கு ஒரு காரில் பிரேக் புகார் வந்தால், "ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும்போது எப்படி இருந்தது?" என்று எடுத்துப் பார்க்கலாம். உலகின் பெரிய கார் ஃபேக்டரிகள் பலவற்றில் இந்த மாதிரி சோதனை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

எலக்ட்ரிக் கார் என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் எதிர்த்து இழுத்து வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் தினசரி ஓட்டத்தில் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆனால் திடீரென்று குறுக்கே ஒருவர் ஓடி வந்தால் காப்பாற்றப் போவது அந்த டிஸ்க் பிரேக்தான். அதில் ஒரு குறை இருந்தால், அந்த அவசர நேரம் வரும்வரை ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம்.

ஒரு டெஸ்ட்டை நிறுத்தினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள். ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும், 5,000 கார் வேண்டுமென்றால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வரணும்.

ஒரு சோதனைக்கு 4 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படினா குறைந்தது இரண்டு மெஷின் வேண்டும். இரண்டில் ஒன்று பழுதானால் பின்னால் வரும் கார்கள் எல்லாம் டோல்கேட்டில் நிற்கிற மாதிரி வரிசை கட்டி நிற்கும். கார் தயாரிப்பில் வேகத்தைத் தீர்மானிப்பது இப்படிப்பட்ட ஏதோ ஒரு குறுகலான இடம்தான். அதை எடுத்துவிட்டால் லைன் வேகமெடுக்கும். அதனால்தான் இலக்கு நெருங்கும் நேரத்தில் டெஸ்ட் எடுக்கப்பட்டது என்றதும் சந்தேகம் வந்தது.

டெஸ்லா என்ன பதில் சொன்னது?

ஒவ்வொரு காரும் கடுமையான தரச் சோதனைகளைத் தாண்டித்தான் வெளியே போகிறது, அதில் பிரேக் சோதனையும் உண்டு என்றது டெஸ்லா. ஒவ்வொரு மாடல் 3 காரையும் தங்கள் டெஸ்ட் டிராக்கில் ஓட்டிப் பார்ப்பதாகவும், பிரேக் பிடிப்பு, மோட்டாரின் இழுவிசை, கிரீச் சத்தம், கடகட சத்தம் எல்லாவற்றையும் பார்ப்பதாகவும், இதில் எந்தக் காருக்கும் விலக்கு இல்லை என்றும் விளக்கம் தந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். செய்தி சொன்னது: ரோலர் மேல் நடக்கும் ஒரு குறிப்பிட்ட டெஸ்ட் நிறுத்தப்பட்டது. டெஸ்லா சொன்னது: எல்லாக் கார்களையும் டிராக்கில் ஓட்டிப் பிரேக்கைப் பார்க்கிறோம்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்! ஆனால் பகிரப்பட்டபோது என்ன ஆனது? செய்தி, "பிரேக் டெஸ்ட்டே இல்லாமல் கார் விற்கிறார்கள்" என்று சுருங்கியது. அது தவறு. மறுப்பு, "அந்தச் செய்தியே பொய்" என்று சுருங்கியது. அதுவும் சரியல்ல. டிராக்கில் ஓட்டுகிறோம் என்ற பதில், ரோலர் டெஸ்ட் ஏன் எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கான பதில் ஆகாது.

டிராக்கில் ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதும் என்பவர்களின் வாதம் இது: கார் நிஜமாக ஓடப்போவது ரோட்டில். ரோலரில் சக்கரம் சுற்றும்போது தெரியாத சத்தமும் அதிர்வும் டிராக்கில் தெரியும். பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குக் கையிலேயே தெரியும். டிராக்கில் எல்லாக் காரையும் ஓட்டும்போது ரோலர் டெஸ்ட் தேவையில்லாத இரண்டாம் வேலை.

போதாது என்பவர்களின் வாதம்: மனிதரின் உணர்வும் மெஷினின் அளவும் ஒன்றல்ல. லேசான வித்தியாசத்தை மெஷின் எண்ணாகச் சொல்லும். மனிதர் அதைத் தவறவிடலாம். அதுவும் நள்ளிரவு ஷிஃப்டில், வரிசையாகக் கார்கள் காத்திருக்கும்போது? ரோலர் டெஸ்ட்டில் முதல் காருக்கும் ஐயாயிரமாவது காருக்கும் ஒரே அளவுகோல்.

தர மேலாண்மை உலகில் பழைய பாடம் ஒன்று உண்டு. அமெரிக்க நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங், கடைசியில் சோதித்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது, தயாரிக்கும்போதே கொண்டுவரணும் என்று வலியுறுத்தியவர். அந்தக் கோணத்தில், கடைசிச் சோதனைகளைக் குறைப்பது தவறே இல்லை. பல நிறுவனங்கள் ஒவ்வொன்றையும் சோதிப்பதை விட்டுவிட்டு, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதிக்கின்றன.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கு. தயாரிப்பு முறை நிலையாக இருக்கணும். மாதக்கணக்கில் சோதித்து, குறையே வருவதில்லை என்று டேட்டா கையில் இருக்கணும். 2018 ஜூனில் ஃப்ரீமாண்டின் நிலை என்ன? கூடாரத்தில் புது லைன், மாறிக்கொண்டே இருந்த உற்பத்தி முறை, முடிந்தவரை அதிகக் கார் என்ற ஓட்டம். டெஸ்ட்டை எடுக்கலாமா கூடாதா என்பதைவிட, அதை எடுக்கும் அளவுக்கு நம்பிக்கையை எந்த டேட்டா கொடுத்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அன்றைய விவாதத்தில் இந்தக் கேள்வி ஓரமாகவே நின்றது.

இதே ஃப்ரீமாண்ட் ஃபேக்டரிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1984 முதல் 2009 வரை ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து இங்கே கார் செய்தன. குறை கண்ணில் பட்டால் சாதாரணத் தொழிலாளிகூடக் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்ற டொயோட்டாவின் முறை, அமெரிக்காவில் வேரூன்றிய இடங்களில் இது முக்கியமானது.

ஆறு வாரத்துக்கு முன் வந்த இன்னொரு பிரேக் செய்தி

இந்தச் சர்ச்சை பெரிதானதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2018 மே 21-ம் தேதி, 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு மாடல் 3-ஐப் பரிந்துரைக்க மறுத்தது. காரணம் பிரேக். மணிக்கு 60 மைல் வேகத்தில் இருந்து நிற்க 152 அடி தேவைப்பட்டது. ஃபோர்டின் பெரிய பிக்கப் வண்டியான எஃப்-150-ஐவிட இது சுமார் 7 அடி அதிகம்.

முதல் முறை பிரேக் போட்டபோது கார் குறைவான தூரத்தில் நின்றது. திரும்பத் திரும்பப் போட்டபோதுதான் தூரம் கூடியது. டெஸ்லா சில நாட்களிலேயே ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றி, இணையம் வழியாகக் கார்களுக்கு அனுப்பியது. மறு சோதனையில் தூரம் 133 அடியாகக் குறைந்தது. மே 30-ம் தேதி கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மாடல் 3-ஐப் பரிந்துரைத்தது. விமர்சனச் செய்தியால் கார் வாங்கியவர்களுக்கே நேரடியாகப் பலன் கிடைத்த சம்பவம் இது.

ஆனால் இதையும் ஜூலை சர்ச்சையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. மே மாதப் பிரச்னை வடிவமைப்பில் இருந்தது. சாஃப்ட்வேர் எல்லாக் கார்களிலும் ஒன்றுதான், அதனால் எல்லாக் கார்களுக்கும் ஒரே பிரச்னை. ஃபேக்டரியின் ரோலர் டெஸ்ட் தேடுவது வேறு: குறிப்பிட்ட ஒரு காரில், அசெம்பிளியின்போது நடந்த தவறு. வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு காரில் பாகம் சரியாகப் பொருந்தாமல் போகலாம். எல்லாக் கார்களையும் ரோலரில் ஏற்றினாலும் 152 அடி பிரச்னை சிக்காமல் போகலாம், ஏனென்றால் அது நிற்கும் தூரத்தை அளக்கும் சோதனை அல்ல.

மஸ்க் vs மீடியா: சண்டை எங்கே போனது?

2018-ல் டெஸ்லாவுக்கும் பத்திரிகைகளுக்கும் உறவு ஏற்கனவே கசந்திருந்தது. ஏப்ரலில், ஃபேக்டரி விபத்துகள் பற்றிப் புலனாய்வுச் செய்தி வெளியிட்ட 'ரிவீல்' அமைப்பைத் தீவிரவாத அமைப்பு என்கிற அளவுக்கு டெஸ்லா சாடியது. மே மாதத்தில், பத்திரிகையாளர்களின் நம்பகத்தன்மைக்கு மக்களே மார்க் போடும் இணையதளம் தொடங்கப்போவதாக மஸ்க் சொன்னார். அதற்கு அவர் யோசித்த பெயர் 'பிராவ்டா'. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையின் பெயர் அது.

பிரேக் டெஸ்ட் செய்தியை எழுதியவர் லினெட் லோபஸ். செய்தி வந்த பிறகு, ட்விட்டரில் மஸ்க் அவரைப் பெயர் சொல்லியே தாக்கினார். டெஸ்லா ஷேர் விழும் என்று பந்தயம் கட்டியிருந்த முதலீட்டாளர் ஜிம் சானோஸோடு அவரைத் தொடர்புபடுத்திக் கேள்விகளை அடுக்கினார். பிசினஸ் இன்சைடர், தங்கள் செய்தியாளரின் பக்கமும் செய்தியின் பக்கமும் நின்றது.

விளைவு? இரண்டு நாளில் பேச்சு பிரேக்கில் இருந்து செய்தியாளருக்கு மாறிவிட்டது. "டெஸ்ட் ஏன் நின்றது?" என்ற கேள்வி காணாமல் போய், "இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்?" என்ற கேள்வி முன்னால் வந்தது.

ஷேர் மார்க்கெட்டுக்கு இதில் என்ன வேலை?

அந்தக் கேள்வியை முழுசா ஒதுக்கவும் முடியாது. டெஸ்லா அப்போது அமெரிக்காவில் அதிகமாக 'ஷார்ட்' செய்யப்பட்ட ஷேர்களில் ஒன்று.

ஷார்ட் என்றால்? ஷேரைக் கடன் வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள். விலை 80 ஆக விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறீர்கள். 20 ரூபாய் லாபம். அதாவது, விலை விழுந்தால்தான் உங்களுக்குப் பணம். அப்படிப்பட்டவர்களுக்குக் கெட்ட செய்தி நல்ல செய்தி. இன்னொரு பக்கம், கையில் டெஸ்லா ஷேர் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி மட்டுமே வேண்டும். ஆக, இரண்டு பக்கமும் பணம் இருந்தது.

ஜூலை 3-ம் தேதி டெஸ்லா ஷேர் சுமார் 7 சதவீதம் சரிந்தது. ஆனால் அதற்குப் பிரேக் செய்தி மட்டும் காரணமல்ல. ஒரு ஆய்வு நிறுவனம் டெஸ்லா ஷேரை 'விற்கலாம்' என்று தரம் குறைத்ததும் அந்தச் சமயத்தில்தான். வாரத்துக்கு 5,000 என்ற வேகம் தொடருமா என்ற சந்தேகமும் சந்தையில் இருந்தது.

ஒரு தகவலால் யாருக்கோ லாபம் என்பதால் மட்டும் அந்தத் தகவல் பொய்யாகிவிடாது. கூடுதலாகச் சரிபார்க்கணும் என்பதற்கு அது காரணம், அவ்வளவுதான்.

இது சட்டத்தை மீறியதா?

இல்லை. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் தங்கள் கார் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தாங்களே சான்றளிக்கலாம். விற்பதற்கு முன் அரசிடம் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. பிரச்னை தெரிந்தால் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ விசாரிக்கும், ரீகால் வரும். இந்தியாவில் நடைமுறை வேறு. இங்கே புதிய மாடல் விற்பனைக்கு வருவதற்கு முன் ஏஆர்ஏஐ போன்ற அமைப்பிடம் சோதனைச் சான்று வாங்கணும்.

பிரேக் எப்படி வேலை செய்யணும் என்பதற்கு அமெரிக்காவில் விதி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காரையும் ரோலரில் ஏற்றிப் பார்க்கணும் என்று விதி இல்லை. அது நிறுவனத்தின் முடிவு. முடிவு முழுக்க நிறுவனத்தின் கையில் இருப்பதால்தான் உள்ளே இருப்பவர்கள் பேசுவதும், பத்திரிகைகள் அதை எழுதுவதும் முக்கியமாகிறது. ஃபேக்டரிச் சுவருக்குள் எடுக்கப்படும் முடிவு, வாங்குபவருக்கு வேறு வழியில் தெரியாது.

பிறகு என்ன ஆனது?

2018 செப்டம்பரில், என்ஹெச்டிஎஸ்ஏவின் மோதல் சோதனைகளில் மாடல் 3 எல்லாப் பிரிவுகளிலும் 5 ஸ்டார் வாங்கியது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் டெஸ்லா சுமார் 31 கோடி டாலர் லாபம் காட்டியது.

அதே சமயம், தரம் பற்றிய கேள்விகளும் ஓயவில்லை. 2019 பிப்ரவரியில், உரிமையாளர்கள் சொன்ன குறைகளின் அடிப்படையில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. நிலைமை மேம்பட்டதும் அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் பரிந்துரைத்தது. 2021 ஜூனில், பிரேக் காலிப்பர் போல்ட்டுகள் தளர்வாக இருக்கலாம் என்று அமெரிக்காவில் 5,974 மாடல் 3, மாடல் ஒய் கார்களை டெஸ்லா ரீகால் செய்தது.

"பார்த்தீங்களா, அன்னைக்கே சொன்னோம்ல?" என்று இதை 2018 சம்பவத்தோடு முடிச்சுப் போடுவது சரியில்லை. ரீகாலில் வந்தவை 2019 முதல் 2021 வரையிலான மாடல்கள். தளர்ந்த போல்ட் ரோலர் டெஸ்ட்டில் கட்டாயம் சிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: வடிவமைப்பு சரியாக இருந்தாலும், அசெம்பிளியில் பிரேக் பாகம் தவறாகப் பொருத்தப்படும் வாய்ப்பு கற்பனை அல்ல.

அப்போ யார் சொன்னது சரி?

டெஸ்ட் நிறுத்தப்பட்டது என்ற தகவல் மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். இலக்கை எட்டும் வாரத்தில், பாதுகாப்பு சார்ந்த ஒரு சோதனையை எடுக்கும் முடிவு சாதாரண விஷயம் அல்ல. உள் ஆவணத்தைப் பார்த்து, நிறுவனத்தின் பதிலையும் சேர்த்து வெளியிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல இடமில்லை.

அதைப் படித்துவிட்டு "பிரேக் இல்லாத கார்" என்கிற ரேஞ்சுக்குப் பேசியது தவறு. டிராக் சோதனை நடப்பதாக டெஸ்லா சொன்னதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

டெஸ்லா பக்கம் வலுவான பதில் ஒன்று இருந்திருக்க முடியும்: இத்தனை ஆயிரம் கார்களை ரோலரில் சோதித்தோம், அதில் சிக்கிய குறைகள் இவ்வளவு, அதே குறைகளை டிராக்கிலும் பிடித்தோம், அதனால் நிறுத்தினோம். இப்படி ஒரு கணக்கை வெளியிட்டிருந்தால் விவாதம் அன்றே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாகச் செய்தியாளர் மேல் பாய்ந்ததால் சந்தேகம்தான் வளர்ந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்...

கார் மட்டுமல்ல, போன் பேட்டரி, மருந்து, குழந்தைகள் உணவு என்று எந்தத் தரச் சோதனை பற்றிய செய்தி உங்கள் மொபைலுக்கு வந்தாலும், ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

• நிறுத்தப்பட்டது எல்லாச் சோதனைகளுமா, ஒரு சோதனையா?

• அந்தச் சோதனை பிடிக்கும் குறையை வேறு ஏதாவது சோதனை பிடிக்குமா?

• பிரச்னை வடிவமைப்பிலா, தயாரிப்பிலா? எல்லாப் பொருளுக்குமா, சிலவற்றுக்கா?

• நிறுவனத்தின் மறுப்பு, செய்தியில் சொன்ன அதே விஷயத்தை மறுக்கிறதா? அல்லது பக்கத்தில் இருக்கும் வேறு விஷயத்துக்குப் பதில் சொல்கிறதா?

• முடிவு எடுக்கப்பட்ட நேரத்தில் நிறுவனத்துக்கு என்ன நெருக்கடி இருந்தது?

• செய்தியைச் சொல்பவருக்கும் மறுப்பவருக்கும் இதில் என்ன லாப நஷ்டம்?

இதில் நான்காவது கேள்வியைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். 2018 ஜூலையில் டெஸ்லாவின் ரசிகர்களும் எதிர்ப்பாளர்களும் தவறவிட்டதும் அதையேதான்.